கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போன வழி

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில், ஒரு கல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இருந்தது. உள்ளங்கை அளவுதான். ஒரு பக்கம் மரப்பட்டையின் வரிகள் அப்படியே தெரியும். மறுபக்கம் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக, விரல் வழுக்கும் அளவுக்கு வழவழப்பு. பார்த்தவர்கள் எல்லாம் மரத்துண்டு என்றே நினைப்பார்கள். கையில் எடுத்த பிறகுதான் அதன் கனம் தெரியும். சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்தேன்: 340 கிராம்.

1996 கோடையில், அரிசோனாவில் உள்ள கல்மரக்காட்டுத் தேசியப் பூங்காவில் எங்கள் மகன் அதைப் பொறுக்கினான். அப்போது அவனுக்கு எட்டு வயது. எதையும் எடுக்கக் கூடாது என்று நுழைவாயிலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். அவன் அதைக் கவனிக்கவில்லை, நான் படித்திருந்தேன். "அம்மா, இதை நாமே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டான். வெயில் கொளுத்தியது. சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். இருட்டுவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். நான்தான் வாங்கிக் கைப்பைக்குள் போட்டேன்.

போன மார்ச் மாதம் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். போகிற வழியில் பார்த்ததையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பயணத்துக்கு இது மட்டும் காரணம் அல்ல. நானும் என் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். மூன்று நாள் விடுமுறைக்குள் மூன்று மாநிலங்களை முடிக்கிற அவசரம் இனி இல்லை. அவருக்குப் பாலைவனம் பார்க்க ஆசை. எனக்கு மிருகக்காட்சிச்சாலைகளும் அருங்காட்சியகங்களும் பார்க்க ஆசை. உயிரியல் ஆசிரியையாக இருந்த காலத்தில் எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளை அங்கெல்லாம் அழைத்துப் போனவள் நான். அவருக்கோ மிருகக்காட்சிச்சாலை என்றாலே பிடிக்காது. சின்ன வயதில், கூண்டுக்குள் எட்டு அடி போய் எட்டு அடி திரும்பிக்கொண்டே இருந்த ஒரு சிங்கத்தைப் பார்த்தாராம். "கூண்டு எவ்வளவு பெரிதானாலும் கூண்டுதான். அதனதன் இடத்தில் இருப்பதை எடுத்துவந்து அடைத்துவிட்டுப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறார்கள்" என்பார். திருமணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் தீராத வழக்கு இது. வழிநெடுக அதைப் பேசிக்கொண்டே போனோம்.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 62 வயது கடந்த குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை உள்ளவர்களுக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் 80 டாலருக்கு வாழ்நாள் அனுமதி அட்டை தருகின்றன. காரில் கூட வருபவர்களுக்கும் அதுவே போதும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை, பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்த பங்கில் நிறுத்திவிடுவது, தண்ணீர்க் கேன் எப்போதும் நிறைந்திருப்பது என்று மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம். முழங்கால் வலிக்கு நீவுகிற தைலம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. கல்லை ஒரு பருத்தித் துண்டில் சுற்றி முன்னிருக்கைப் பெட்டிக்குள் வைத்தேன்.

முதலில் ஃபீனிக்ஸ். அங்குள்ள உயிரியல் பூங்காவுக்கு அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனேன். நேராக அரேபிய ஓரிக்ஸ் இருக்கும் இடத்துக்கு நடந்தோம். வெள்ளை வெளேரென்ற உடல், காலுறை போட்டதுபோல் கறுத்த கால்கள், பின்னோக்கி நீளும் மெல்லிய கொம்புகள். பக்கவாட்டில் நின்றபோது இரண்டு கொம்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒற்றைக் கொம்பாகவே தெரிந்தது.

இந்த மானினம் அரேபியப் பாலைவனத்துக்கு உரியது. வண்டியில் துரத்தித் துப்பாக்கியால் சுடுகிற காலம் வந்ததும் வேகமாக அழிந்தது. இனிக் காட்டில் விட்டுவைத்தால் ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தபோது, 1962-இல் ஒரு குழு ஏடன் பகுதிக்குப் போய்ப் பிடிக்க முடிந்ததைப் பிடித்தது. பிடித்தவற்றில் பிழைத்தவை மூன்று. லண்டன் உயிரியல் பூங்கா ஒன்று கொடுத்தது. குவைத்திலிருந்து ஒன்று வந்தது. சவூதி அரேபியாவிலிருந்து நான்கு வந்தன. ஆக ஒன்பது. அந்த ஒன்பதையும் சேர்த்து 'உலக மந்தை' என்று பெயரிட்டு ஃபீனிக்ஸில் வைத்தார்கள். முதலில் வந்தவை இறங்கியபோது அந்தப் பூங்கா திறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இங்குள்ள வெயிலும் வறட்சியும் அவை பிறந்த நிலத்தை ஒத்திருந்ததுதான்.

1972-இல் ஓமானில் கடைசிக் காட்டு ஓரிக்ஸும் சுடப்பட்டது. அன்றைக்கு உலகத்தில் ஓரிக்ஸ் என்று மிஞ்சியது வேலிக்குள் இருந்தது மட்டும். பத்தே ஆண்டுகளில், 1982-இல், அந்த மந்தையின் வழிவந்தவற்றை ஓமான் பாலைவனத்தில் திரும்பவும் திறந்துவிட்டார்கள். 2011-இல் அது 'அருகிவரும் இனம்' என்ற நிலையிலிருந்து ஒரு படி மேலே ஏறியது. காட்டில் அறவே அற்றுப்போன ஓர் இனம் அந்தப் படிக்கு மீண்டது அதுவே முதல்முறை.

இதையெல்லாம் வகுப்பெடுப்பதுபோல் சொல்லி முடித்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தகவல் பலகையையும் செல்பேசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓமானில் விட்ட பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே நீ" என்றார். உண்மைதான். அங்கே மந்தை பெருகியது. பின்பு 1990-களில் திருட்டு வேட்டை திரும்ப வந்தது. நானூறு அளவுக்குப் பெருகியவை மளமளவென்று குறைந்தன. சரணாலயத்தின் பரப்பை அரசு தொண்ணூறு விழுக்காடு குறைத்தது. 2007-இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். "கொண்டுபோய் விட்டால் மட்டும் போதாது. விட்ட இடம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் அங்கே முக்கால் மணி நேரம் நின்றார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மறுநாள் ஹெர்ட் அருங்காட்சியகம். 1929-இல் தொடங்கியது, அமெரிக்கப் பூர்வகுடிகளின் கலைக்குப் பெயர்பெற்றது. ஹோப்பி மக்களின் கட்சினா பொம்மைகளைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். காட்டன்வுட் என்னும் மரத்தின் வேரில் செதுக்கி வண்ணம் தீட்டியவை. வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆனால் இன்றைக்கு என் நினைவில் நிற்பது அவை அல்ல. உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய கூடம்.

பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொலைதூரப் பள்ளிகளில் சேர்த்தார்கள். முதல் நாளே தலைமுடியைக் கத்தரித்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். வீட்டில் வைத்த பெயரை மாற்றினார்கள். அந்தக் கூடத்தில் ஒரு முடிதிருத்தும் நாற்காலி இருக்கிறது. நான் பார்த்த எந்த எலும்புக்கூடும், எந்த ஆயுதமும் என்னை அந்த நாற்காலி உலுக்கியதுபோல் உலுக்கியதில்லை. பள்ளிக்கூட ஆசிரியையாக வாழ்ந்தவள் நான். முதல் நாள் அழுதுகொண்டு வரும் பிள்ளையின் தலையை வருடிக்கொடுத்த கை இது. அதே நாளில் அதே தலையை ஒரு பள்ளிக்கூடம் என்ன செய்தது என்பதை அங்கே நின்று பார்க்க முடியவில்லை. பார்க்காமல் போகவும் மனம் வரவில்லை. இந்த ஃபீனிக்ஸ் நகரத்திலேயே அப்படி ஒரு பள்ளி 1891-இல் தொடங்கியது. காலப்போக்கில் அதன் முறைகள் மாறின, 1990-இல்தான் மூடினார்கள். அதன் பெயரில் ஒரு பெரிய சாலை இன்றும் இருக்கிறது. அதே சாலையில்தான் முதல் நாள் பெட்ரோல் போட்டோம்.

அவர் காரில் ஏறியதும் சொன்னது ஒரே வாக்கியம்: "ஓரிக்ஸுக்குக்கூட அதன் வெயில் இருக்கிற ஊராகப் பார்த்து வைத்தார்கள்."

அன்று மாலை இசைக்கருவி அருங்காட்சியகத்துக்கும் போனோம். ஒவ்வொரு காட்சியை நெருங்கும்போதும் காதில் மாட்டிய கருவியில் அந்நாட்டு இசை தானாக ஒலிக்கத் தொடங்குகிறது. பராகுவே நாட்டில் குப்பைமேட்டில் கிடைத்த தகரத்தையும் குழாயையும் கொண்டு பிள்ளைகளுக்காகச் செய்த வயலின்கள் அங்கே இருக்கின்றன. மற்ற நாளாக இருந்தால் அதைப் பற்றியே நான்கு பக்கம் எழுதியிருப்பேன். அன்று மனம் அந்த நாற்காலியிலேயே இருந்தது.

டூசானுக்குப் போகும் வழியில் பாலைவனம் தன் முழு உருவத்தைக் காட்டியது. மணல் மட்டுமே என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். சொனோரா பாலைவனம் பச்சை. மலைச்சரிவு முழுவதும் இரண்டு மாடி, மூன்று மாடி உயரத்தில் சவாரோ கள்ளிகள், கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. எழுத்துக்கூட்டி 'சகுவாரோ' என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அங்குள்ளவர்கள் 'சவாரோ' என்கிறார்கள். கள்ளி என்று பழக்கத்தில் எழுதுகிறேன். நம் ஊர்த் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் வேறு குடும்பம். ஒடித்தால் பால் வடியும். இது கேக்டஸ் குடும்பம். ஒடித்தால் பால் இல்லை. கண்டம் வேறு, குலம் வேறு, ஆனாலும் வறட்சி இரண்டையும் ஒரே உடலாக வார்த்துவிட்டது.

அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகம் 1952-இல் திறக்கப்பட்டது. பெயர்தான் அருங்காட்சியகம், பெரும்பகுதி திறந்தவெளி. மிருகக்காட்சிச்சாலை, தாவரத் தோட்டம், இயற்கை வரலாற்றுக் கூடம் மூன்றும் ஒன்றாகக் கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி இருக்கின்றன. அந்த நிலத்தில் இயல்பாக வாழ்கிறவற்றைத்தான் காட்டுகிறார்கள். யானை இல்லை, புலி இல்லை. வேலிக்கு உள்ளே நிற்கும் செடியும் வெளியே மலையில் நிற்கும் செடியும் ஒன்று. அவருக்கு இந்த இடம் பிடித்துப்போனது. அங்கே ஹாரிஸ் பருந்துகளைக் கயிறோ கூண்டோ இல்லாமல் நம் தலைக்கு மேலேயே பறக்கவிடுகிறார்கள். கூட்டாகச் சேர்ந்து வேட்டையாடுகிற பருந்து அது. ஒன்று என் முடியை உரசுவதுபோல் போனபோது இறக்கையின் காற்று நெற்றியில் பட்டது. "இவை ஏன் போய்விடவில்லை?" என்று அவர் பக்கத்தில் நின்ற தன்னார்வலரிடம் கேட்டார். இரை இங்கே நிச்சயம் என்று அவற்றுக்குத் தெரியும் என்றார் அந்த அம்மாள். இவர் அதைக் கேட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

அதே அம்மாள் ஒரு மேசையில் பொருள்களைப் பரப்பிவைத்திருந்தார். எழுபது வயதாவது இருக்கும் அவருக்கு. ஒரு பொருளை என் இரண்டு கைகளிலும் வைத்தார். பழுப்பு நிறம், வெளியே கரடுமுரடு, உள்ளே குடைந்த குடுவை போன்ற பள்ளம். பார்த்தால் யாரோ கழற்றிப் போட்ட பழைய பூட்ஸ் மாதிரி. எடையே இல்லை. 'சவாரோ பூட்' என்றுதான் அதற்குப் பெயர். ஹீலா மரங்கொத்தி கள்ளியின் உடலைக் குடைந்து கூடு செய்கிறது. உடலில் இருக்கும் நீர் அந்தக் காயத்தின் வழியே போய்விடாமல் இருக்கக் கள்ளி அதைச் சுற்றித் தடித்த சுவர் எழுப்பிக்கொள்கிறது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் சின்ன ஆந்தை குடியேறும். நூற்றைம்பது ஆண்டுகள் வாழ்ந்து கள்ளி சாய்ந்து, சதையெல்லாம் மட்கிப்போன பிறகும் அந்தச் சுவர் மட்டும் முழுதாகக் கிடக்கும். அதை எடுத்துப் பாத்திரமாகவும் பயன்படுத்தினார்கள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். மரங்கொத்தி குடைந்த வளைவு ஒவ்வொன்றும் விரல் நுனிக்குத் தட்டுப்பட்டது.

பக்கத்தில் ஒரு சிறு தொட்டி. அதில் கட்டைவிரல் நுனியளவு ஒரு பச்சை உருண்டை. "இதற்கு எத்தனை வயது சொல்லுங்கள்?" என்றார். எட்டு இருக்கலாம் என்று அவரே சொன்னார். சவாரோ முதல் எட்டு ஆண்டுகளில் ஒன்று, ஒன்றரை அங்குலம்தான் வளரும். பூக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகும். முதல் கிளை விட ஐம்பது, அறுபது, சில இடங்களில் நூறு ஆண்டுகள்கூட ஆகும். அந்தப் பச்சை உருண்டையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு வயதில் நீல நிறத் தொப்பி போட்டுக்கொண்டு கல்லை நீட்டியவனுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

இளம் சவாரோ தனியே பிழைக்காது. வெயிலுக்கும் பனிக்கும் மறைவாக ஒரு மரத்தின் நிழல் வேண்டும். அதைத் 'தாதி மரம்' என்கிறார்கள். பாலோ வெர்டே, மெஸ்கீட் இரண்டும் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கின்றன. மெஸ்கீட்டின் நிழலில் நின்றபோது அவர் அதன் இலையை உற்றுப் பார்த்து, முள்ளைத் தொட்டுப் பார்த்து, "இது நம் சீமைக்கருவேலம் அல்லவா?" என்றார். அதுவே அல்ல, ஆனால் உடன்பிறந்தது. நம் ஊரில் கண்மாயையும் தரிசையும் அடைத்துக்கொண்டு, வெட்ட வெட்டத் துளிர்த்து, எல்லோரும் சபிக்கிற மரத்தின் தாயகம் இந்தக் கண்டம்தான். இங்கே அதன் உறவுமரம் கள்ளிக்குத் தாதி. அதன் நெற்றை இடித்து மாவாக்கித் தோஹோனோ ஓதாம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டிருக்கிறார்கள். சப்பாத்திக்கள்ளியும் இந்தக் கண்டத்திலிருந்து நமக்கு வந்ததுதான். அதைச் சாலையோரத்தில் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. தன் இடத்தில் இருக்கும்போது ஒரு செடி எவ்வளவு பண்போடு இருக்கிறது என்று நான் சொன்னபோது, "இதைத்தான் நான் இத்தனை வருடமாகச் சொல்கிறேன்" என்றார் அவர். அந்த இடத்தில் அவர் வழக்கை வென்றார்.

சவாரோ தேசியப் பூங்கா டூசானுக்குக் கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டு பகுதிகளாக இருக்கிறது. மேற்குப் பகுதியில் மாலை வெயிலில் நடந்தோம். கள்ளியின் உடலில் மடிப்பு மடிப்பாக விசிறிப் பாவாடை போல வரிகள். மழை பெய்தால் அவை விரிந்து நீரை நிரப்பிக்கொள்ளும். வறண்டால் சுருங்கும். கள்ளிகளைத் தோண்டித் திருடி விற்கிறவர்கள் இருப்பதால், இங்கே சிலவற்றின் உடலுக்குள் மைக்ரோசிப் வைத்திருக்கிறார்கள் என்று அங்கே தெரிந்துகொண்டோம். அதைக் கேட்டதும் முன்னிருக்கைப் பெட்டியில் இருந்த கல் நினைவுக்கு வந்தது. ஒன்றும் பேசாமல் நடந்தேன்.

பிறகு வடக்கே நீண்ட பயணம். ஃபிளாக்ஸ்டாஃபில் பைன் காடும் குளிரும். ஒரே நாளில் கள்ளி மறைந்து பனி தெரிந்தது. அங்கே ஒரு இரவு தங்கிவிட்டு, கொலராடோ ஆற்றின்மேல் மார்பிள் பள்ளத்தாக்கில் இருக்கும் நவாஹோ பாலத்துக்குப் போனோம். அங்கே இரண்டு பாலங்கள் இணையாக நிற்கின்றன. 1929-இல் கட்டியது இப்போது நடப்பவர்களுக்கு. 1995-இல் கட்டியது வண்டிகளுக்கு. ஆறு சுமார் 140 மீட்டர் கீழே, பச்சை நாடாவாக ஓடுகிறது. அவர் பாலத்தின் இரும்பு வளைவைத்தான் முதலில் ரசித்தார். கட்டுமானத் துறையில் இருந்தவர். அந்த வளைவுக்குள் ஒரு கறுப்பு மூட்டை இருந்தது. அது தலையைத் திருப்பியது.

கலிபோர்னியா காண்டோர். மயிரில்லாத ஆரஞ்சு நிறத் தலை, கழுத்தைச் சுற்றிக் கறுத்த இறகுச் சால்வை. 1987-இல் உலகம் முழுவதும் மிஞ்சியவை 27 பறவைகள். காட்டில் இருந்த கடைசிப் பறவை வரைக்கும் பிடித்து லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ உயிரியல் பூங்காக்களுக்குக் கொண்டுபோனார்கள். பிடிக்கக் கூடாது, மானத்தோடு அழியட்டும் என்று அன்று சண்டை போட்டவர்களும் உண்டு. 1996 டிசம்பரில் இந்தச் செம்பாறைகளுக்கு மேலேதான் ஆறு பறவைகளைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் பார்த்த பறவையின் இறக்கையில் ஓர் எண் அட்டை தைத்திருந்தது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் உடல்களில் ஈயக் குண்டின் துகள்கள் இருக்கும். அவற்றைத் தின்று இவை நஞ்சேறிச் சாகின்றன. அதனால் அவ்வப்போது பிடித்து இரத்தத்தைச் சோதித்து, மருந்து கொடுத்து, மறுபடி பறக்கவிடுகிறார்கள்.

அது இறக்கையை விரித்தது. ஒன்பது அடிக்கு மேல். அசைக்கவே இல்லை, விரித்தபடி சாய்ந்து, பள்ளத்தின் நடுவே இறங்கிப் போனது. காற்று அதன் இறகுகளில் உரசும் ஓசை எங்களுக்குக் கேட்டது. அவர் பாலத்தின் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "எண் இருந்தாலும் பரவாயில்லை" என்றார். "இது இல்லாமல் போயிருந்தால் இந்தப் பள்ளம் வெறும் பள்ளம்." அந்த இடத்தில் நான் வென்றேன் என்று எழுத ஆசைதான். வென்றதாக எனக்குத் தோன்றவில்லை. இருவரும் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

அந்தப் பாலத்தில் ஒரு விந்தை உண்டு. அரிசோனா மாநிலம் கோடைக்கு மணியை முன்னே நகர்த்துவதில்லை. நவாஹோ பூர்வகுடிகள் தாங்களே ஆளும் நவாஹோ தேசம் நகர்த்துகிறது. ஆறுதான் எல்லை. கிழக்கு முனைக்குப் போனபோது செல்பேசியில் மணி ஒன்று கூடியது. இதை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு, பேஜ் ஊரில் தங்கிவிட்டு, மறுநாள் கேன்யன் டி ஷே என்னும் பள்ளத்தாக்குக்குக் கிளம்பும்போது அவருடைய கைக்கடிகாரத்தை நம்பிப் போனோம். அங்கே வழிகாட்டி எங்களுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தார். ஐம்பது வயதுடைய நவாஹோ மனிதர். மன்னிப்புக் கேட்டோம். "பள்ளத்தாக்கு எங்கேயும் போய்விடாது" என்று சொல்லி ஜீப்பின் கதவைத் திறந்தார்.

அது 1931 முதல் தேசிய நினைவிடம். ஆனால் நிலம் முழுவதும் நவாஹோ மக்களுடையது. உள்ளே இன்றும் குடும்பங்கள் பயிர் செய்கின்றன, ஆடு மேய்க்கின்றன. பள்ளத்தாக்கின் தரைக்கு அவர்கள் துணையோடுதான் போக வேண்டும். செங்குத்தான சிவந்த சுவர்களின் இடுக்குகளில், அவர்களுக்கும் முந்தைய மக்கள் கட்டிய கல்வீடுகள் குருவிக்கூடுபோல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வழிகாட்டி ஓரிடத்தில் ஜீப்பை நிறுத்தினார். சில பீச் மரங்கள். மார்ச் மாதமாதலால் மொட்டு. 1864-இல் அமெரிக்கப் படை இங்கே வந்து பயிரை எரித்தது, பீச் தோப்புகளை வெட்டிச் சாய்த்தது. பசியால் சரணடைந்தவர்களை முந்நூறு மைலுக்கு மேல் நியூ மெக்சிகோவின் கிழக்குக்கு நடத்திக்கொண்டு போனார்கள். உப்புத் தண்ணீரும் விளையாத நிலமும். ஆயிரக்கணக்கானோர் வழியிலும் அங்கேயும் இறந்தார்கள். 1868-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு தங்கள் மண்ணுக்கே நடந்து திரும்பினார்கள். வேறொரு நல்ல நிலம் தருகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றார்களாம். "என் பாட்டியின் பாட்டி திரும்பி வந்தவள்" என்றார் வழிகாட்டி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நம் பழந்தமிழ் மரபில் ஐந்து நிலத்துக்கும் ஒவ்வொரு உணர்வு உண்டு. பாலைக்கு உரியது பிரிவு. வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான். வெயிலும் வறட்சியும் உள்ள இடத்துக்கு ஏன் பிரிவை வைத்தார்கள் என்று அன்று மாலை காரில் போகும்போது அவரிடம் கேட்டேன். "பிரிந்து போகிறவன் அந்த வழியாகத்தானே போக வேண்டும்" என்றார்.

கடைசி நாள், கல்மரக்காடு. வடக்கு வாசலில் நுழைந்தால் வண்ணப் பாலைவனம்; செம்மண்ணும் நீலமும் சாம்பலும் அடுக்கடுக்காக. 28 மைல் நீளச் சாலை தெற்கே போகப் போக மரங்கள் வருகின்றன. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பு இது ஆறு ஓடிய காடு. சாய்ந்த மரங்கள் வண்டலில் புதைந்தன. எரிமலைச் சாம்பலில் கரைந்த சிலிக்கா நீரோடு மரத்துக்குள் ஊறி, அணு அணுவாக அதன் இடத்தைப் பிடித்துப் படிகமானது. இரும்பு கலந்த இடம் சிவப்பும் மஞ்சளும். அடிமரங்கள் ரம்பத்தால் அறுத்ததுபோல் துண்டு துண்டாகக் கிடக்கின்றன, யாரும் அறுக்கவில்லை. படிகம் உடையும் விதம் அது.

தெற்கு முனையில் ஒரு சிறு அருங்காட்சியகம். எடுத்துப் போனவர்கள் கல்லோடு திருப்பி அனுப்பிய கடிதங்களை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கல்லை எடுத்த நாளிலிருந்து வேலை போயிற்று, நோய் வந்தது, மணவாழ்க்கை முறிந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் படித்துக்கொண்டே வந்தேன். எங்களுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். நாங்கள் நன்றாக இருக்கிறோம். பயந்து கொண்டுவரவில்லை. எழுதிப் போட்டிருந்ததைப் படித்துவிட்டு எடுத்தேன், அவ்வளவுதான்.

பச்சைத் தொப்பி அணிந்த இளம் பணியாளர் ஒருத்தி இருந்தாள். துண்டைப் பிரித்துக் கல்லை மேசையில் வைத்துச் சொன்னேன். அவள் கடிந்துகொள்ளவில்லை; நன்றி சொன்னாள். "எந்த இடத்தில் எடுத்தீர்கள்?" என்றாள். வரைபடத்தை விரித்தாள். நானும் அவரும் குனிந்து பார்த்தோம். ஒரு வளைவு, ஒரு பெரிய மரம், வலப்பக்கம் சரிவு, மகனின் நீலத் தொப்பி. அந்த வரைபடத்தில் வளைவுகள் பல. விரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அப்படியானால் இதைப் பழைய இடத்தில் வைக்க முடியாது" என்று மென்மையாகச் சொன்னாள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கல்லை ஏதோ ஓரிடத்தில் போட்டால், பின்னால் ஆராய வருகிறவர்களுக்கு அது பொய் சொல்லும். அதனால் திரும்பி வருகிற கற்களையெல்லாம் பூங்காவுக்குள் ஒரு பக்கம் குவித்து வைக்கிறார்கள். 'மனசாட்சிக் குவியல்' என்று அதற்குப் பெயர். எங்கள் கல்லும் அங்கே போகும்.

காட்டுக்கே திரும்பிவிட்டது, ஆனால் இடத்துக்குத் திரும்பவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது இது எனக்குத் தெரியாது. கையில் வெறும் துண்டு இருந்தது. அதை மடித்தேன், மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன்.

கட்டடத்துக்குப் பின்னால் பெரிய அடிமரங்களுக்கு நடுவே அரை மைல்கூட இல்லாத ஒரு நடைபாதை இருக்கிறது. நடந்தோம். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அடிப்பக்கம் பத்தடி அகலமுள்ள ஒரு மரத்தின் அருகே நின்று, அதன் வேர் விரிந்திருந்த விதத்தைப் பார்த்தோம். மாலை வெயிலில் உள்ளே இருந்த சிவப்பு, அடுப்புக் கங்கு போல் இருந்தது.

பாதையின் கடைசித் திருப்பத்தில் அவர் நடையில் ஏதோ 'கிரிச்' என்றது. நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கிப் பார்த்தார். செருப்படியின் வரிக்குள் அரிசி அளவு சிவப்புச் சில்லு ஒன்று மாட்டியிருந்தது. கார்ச் சாவியால் அதை நெம்பி எடுத்தார். பிறகு என் தோளை விடாமலே, வலிக்கிற முழங்காலை மடக்கி மெல்லக் கீழே குனிந்தார்.

"இங்கிருந்து பத்தடிக்குள்தான் ஒட்டியிருக்கும்" என்று சொல்லி, அதைப் பாதையின் ஓரத்து மண்ணில் வைத்தார்.